இரண்டு பக்கமும் ஒரே மாதிரி: இது என்ன பின்னல்?

கேள்வி: என் கணவர் குன்னூரில் வேலை பார்த்தபோது, பக்கத்து வீட்டு அக்காவிடம் உல்லன் பின்னக் கற்றுக்கொண்டேன். மாற்றலாகி மீமிசலுக்கே வந்த பிறகு ஊசியைத் தொடவில்லை. இந்த உப்புக்காற்றில் யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும்? இப்போது கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. பெட்டியைத் திறந்தால், பாதியில் நின்ற மஞ்சள் மஃப்ளர் ஊசியோடு கிடக்கிறது. அதே பின்னலில் ஒரு போர்வை போட ஆசை. நிட், பர்ல் இரண்டும் கைக்குத் திரும்பிவிட்டன. ஆனால் இது என்ன பின்னல் என்று நினைவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, நெடுக்கே வரி வரியாக, நல்ல தடிமன். அகலவாக்கில் இழுத்தால் ஏகத்துக்கும் விரிகிறது. சாதா ரிப் போட்டுப் பார்த்தேன், இப்படி வரவில்லை. ஊசியில் 10 என்று இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, மீமிசல்

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஃபிஷர்மேன் ரிப். கடலோரத்தில் இருந்துகொண்டு மீனவர் பெயர் கொண்ட பின்னலையா மறந்தீர்கள் என்று கேட்கலாம்தான். ஆனால் பெயர் மறந்ததில் ஒன்றும் நஷ்டமில்லை. பின்னல்களின் பெயரை நம்பிக் காரியத்தில் இறங்க முடியாது. இங்கிலாந்துப் புத்தகம் 'மாஸ்' என்பதை அமெரிக்கப் புத்தகம் 'சீட்' என்கிறது. அமெரிக்காவில் 'மாஸ்' என்றால் வேறொன்று. துணியைப் பார்த்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

வீட்டில் திருப்பூர் பனியன் ஒன்று இருக்குமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. வெளிப்பக்கம் ஆங்கில 'வி' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். உள்பக்கம் பிறை பிறையாக மேடு தட்டும். முன்னது நிட், பின்னது பர்ல். ஒரே கண்ணியின் முகமும் முதுகும். மிஷின் போட்டாலும் கை போட்டாலும் கண்ணி ஒன்றுதான். இனி பனியனின் கழுத்துப் பட்டையை அகலமாக இழுங்கள். ஒரு வி வரிசை, அதையொட்டிப் பள்ளத்தில் ஒளிந்த ஒரு மேட்டு வரிசை என்று மாறி மாறி வந்தால் அது ஒன்றுக்கு ஒன்று ரிப். நீங்கள் போட்டுப் பார்த்தது இதைத்தான்.

இப்போது மஃப்ளரை அதேபோல இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். வி ஒவ்வொன்றும் பெரிதாக, தளர்வாக இருக்கும். அதன் பின்னால் இன்னொரு நூல் மடிந்து சேர்ந்து உட்கார்ந்திருக்கும். சாதா ரிப்பில் இந்த இரண்டாவது நூல் கிடையாது. தடிமனும் அவ்வளவு விரிவும் அதனால் வருகிறவை. இரண்டு பக்கமும் இப்படியே இருந்தால் முழு ஃபிஷர்மேன் ரிப். ஒரு பக்கம் வேறு மாதிரி தெரிந்தால் அது அரை. ஸ்வெட்டர் மில்காரர்கள் இவற்றையே ஃபுல் கார்டிகன், ஹாஃப் கார்டிகன் என்பார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பிரியோஷ் என்ற பின்னலும் கடைசியில் இதே துணியைத்தான் தரும். முடிந்த துணியை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்லவேளை, உங்கள் மஃப்ளர் ஊசியோடு இருக்கிறது! பிரியோஷ் என்றால், ஊசியில் ஒன்று விட்டு ஒரு கண்ணியின் மேல் குறுக்கே ஒரு நூல் சால்வை போல விழுந்திருக்கும். உங்கள் படத்தில் எல்லாம் ஒற்றைக் கண்ணிகள். ஆகவே குன்னூர் அக்கா சொல்லிக் கொடுத்தது ஃபிஷர்மேன் முறைதான்.

போடும் விதம் இது. இரட்டைப்படை எண்ணிக்கையில் கண்ணி ஏற்றுங்கள். மாதிரிக்கு 24 போதும். முதல் வரிசை முழுக்க பர்ல். அதற்கப்புறம் எல்லா வரிசையும் ஒன்றே. ஒரு பர்ல், அடுத்த கண்ணிக்கு வரும்போது ஊசியை அந்தக் கண்ணிக்குள் விடாமல், அதற்கு நேர் கீழே இருக்கிற கண்ணியின் நடுவில் விட்டு நிட் போட்டு, மேலே இருந்ததை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். அவிழ்ந்துவிடும் என்று கை நடுங்கும். அவிழத்தான் வேண்டும், அந்த நூல்தான் புதுக் கண்ணியோடு சேர்ந்து நீங்கள் பார்த்த இரண்டாவது நூலாகிறது. இப்படியே மாறி மாறிப் போய், வரிசையின் கடைசி இரண்டையும் பர்ல் போடுங்கள். முதல் சில வரிசைகளில் உருவம் தெரியாது. அதற்குள் பிரித்துவிடாதீர்கள்.

நீளத்தை எண்ணும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பின்னலில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வி, இரண்டு வரிசைக்குச் சமம். 20 வி தெரிந்தால் நீங்கள் 40 வரிசை போட்டிருக்கிறீர்கள்.

எண்ணுவது என்றதும் நினைவுக்கு வருகிறது: 1904இல் டப்ளினில் மேடையேறிய ஜான் மில்லிங்டன் சிங்கின் 'ரைடர்ஸ் டு த சீ' நாடகத்தில், கடலில் மூழ்கிய அண்ணனின் காலுறையைத் தங்கை அடையாளம் காண்பது தான் ஏற்றிய கண்ணிகளையும் நழுவவிட்டவற்றையும் எண்ணித்தான். மீனவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பின்னல் உண்டு, பிணத்தை அதை வைத்தே கண்டுபிடிப்பார்கள் என்று ஊர் உலகம் சொல்லும் கதை இதிலிருந்து கிளம்பி வளர்ந்தது. அதை நம்ப வேண்டாம்.

ஊசி விஷயம். உங்கள் 10, பழைய இங்கிலாந்துக் கணக்கு, 3.25 மில்லிமீட்டர். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கு தலைகீழ். அங்கே 10 என்றால் 6 மில்லிமீட்டர். கடையில் 10 என்று மட்டும் கேட்டால் கிட்டத்தட்ட இரட்டிப்புத் தடிமனில் வந்து சேரலாம். மில்லிமீட்டர் சொல்லியே வாங்குங்கள்.

பழைய மஃப்ளரைத் தொடர்ந்து பின்ன வேண்டாம் என்பது என் கருத்து. இத்தனை வருடம் கழித்துக் கையின் இறுக்கம் மாறியிருக்கும். சேர்ந்த இடம் கோடு போட்டதுபோல் தெரியும். பிரித்து நூலை எடுக்கவும் நினைக்காதீர்கள். உங்கள் ஊர் வலையில் கண்ணிக்குக் கண்ணி முடிச்சு இருக்கிறது. ஓரிடம் அறுந்தால் அங்கேயே நிற்கும். பின்னல் துணியில் முடிச்சே கிடையாது. ஃபிஷர்மேன் ரிப்பில் ஒரு கண்ணி நழுவினால் இரண்டு வரிசை சேர்ந்து இறங்கும், திரும்ப ஏற்றுவது பெரும்பாடு. ஊசியிலிருக்கும் கண்ணிகள் வழியாக முனை மழுங்கிய ஊசியால் ஒரு வேறு நிற நூலைக் கோத்து, மாதிரித் துண்டாகப் பத்திரப்படுத்துங்கள்.

அது ஆட்டு ரோமமா அக்ரிலிக்கா என்று தெரிய, ஒரு விரல் நீள நூலைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் ரோமம். உருகி முத்துப்போல் கெட்டியானால் அக்ரிலிக். ரோமம் என்றால் பூச்சி அரித்திருக்கிறதா பாருங்கள்.

போர்வைக்கு மிஷினில் துவைக்கக்கூடிய நூலே வாங்குங்கள். கைக்குழந்தை வீட்டில் யாரும் கையால் அலசிக்கொண்டிருக்க மாட்டார்கள். தொட்டிலில் தூங்கும் சிசுவுக்குத் தளர்ந்த போர்வை கூடாது என்று கனடாவில் அறிவுறுத்துகிறார்கள். தள்ளுவண்டியிலும் மடியிலும் போர்த்தும் அளவுக்குச் சிறிதாகப் போடுங்கள். இந்தப் பின்னல் சாதா ரிப்பைவிட நிறைய நூல் தின்னும். ஆகவே கணக்குக்கு மேல் இரண்டு பந்து கூட்டி, எல்லாவற்றிலும் ஒரே சாய எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.