கொடையாக வந்த மென்பொருள்

நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா வட்டார நூலகங்களுக்கு 1999-இல் ஒரு கவலை வந்தது. இரவல் கணக்கு வைத்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது! புதிதாக ஒன்றை எழுதச் செய்து, 2000 ஜனவரியில் இயக்கினார்கள். யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று உலகுக்கே கொடுத்தும் விட்டார்கள். பெயர் 'கோஹா'. மாவோரி மொழியில் கொடை என்று பொருள்.

சரி, இலவசப் பொருளைப் பேணுவது யார்? பல நாட்டு நூலகர்களும் நிரல் எழுதுவோரும்தான். ஒருவர் எழுதிய திருத்தத்தை மற்றொருவர் இயக்கிப் பார்த்து ஒப்பமிட வேண்டும். (நம் விடைத்தாளை நாமே திருத்த விடுவார்களா?) அடுத்து, தரம் பார்ப்பவர் சோதிப்பார். பிறகே வெளியீட்டுப் பொறுப்பாளர் அதைச் சேர்ப்பார். ஆறு மாதத்துக்கொரு பதிப்பு வரும்.

பணம்? ஒரு நூலகம் தனக்கு வேண்டிய வசதியைக் கூலி கொடுத்து எழுதச் செய்கிறது. அது கோஹாவில் சேர்ந்ததும் மற்ற நூலகங்களுக்கும் செலவின்றிக் கிடைக்கிறது.