விளக்கின் நடுக்கம்

மார்க்கண்டேய நதி பாயும் வேப்பனப்பள்ளி, தமிழ்நாடு, கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கிவரும் பகுதியில் அமைந்ததோர் ஊர். கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சார்ந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவ்வூரில் கலந்து ஒலிக்கும். மாந்தோப்புகளும் தக்காளிக் கொல்லைகளும் சூழ்ந்த அவ்வூர்ப்புறத்தில், பொழுது சாய்ந்தபின் ஒரு சிறுமி பாடம் படிக்க அமர்கின்றாள். தலைக்கு மேலுள்ள விளக்கு திடீரென மங்குகின்றது. மறுகணம் பழையபடி ஒளிர்கின்றது. சிறுமி அண்ணாந்து பார்க்கின்றாள். "காற்றுக்கு ஆடுகிறது கண்ணு, நீ படி" என்கின்றாள் பாட்டி. அகல்விளக்கின் ஒளியில் வளர்ந்த பாட்டிக்கு, விளக்கு நடுங்குவதெல்லாம் காற்றினால்தான். மின்விளக்கிற்குச் சுடர் இல்லை; அது காற்றுக்கு அசையாது. ஆயினும் பாட்டியின் சொல்லை முற்றும் தள்ளிவிடுதல் ஆகாது என்பது பின்னர் விளங்கும்.

இப்பகுதிக்கு மின்சாரம் நேற்று வந்த விருந்தன்று. வேப்பனப்பள்ளிக்கு வடக்கே உள்ள கோலார் தங்கவயலுக்கு, காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே மின்னாற்றல் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு அது கம்பி வழியே வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-ஆம் ஆண்டில்தான். பொன்னுக்குக் கிடைத்த முதன்மை மக்கள் நடக்கும் வீதிகளுக்குக் கிடைக்கவில்லை போலும்! அத்துணைத் தொலைவு மின்சாரத்தைச் செலுத்திய பொறியாளர்கள் ஒரு விதியை நன்கு உணர்ந்திருந்தனர். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இருமடங்காயின், அங்குத் தோன்றும் வெப்பம் நான்மடங்காகும். ஆதலின் அவர்கள் மின்னழுத்தத்தை மிக உயர்த்தி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்பினர். இவ்விதி அருவிக்கும் சுரங்கத்திற்கும் இடையே மட்டும் ஆட்சி புரிவதன்று. அடுக்களைச் சுவரிலுள்ள சிறு திருகாணிக்கும் அதுவே சட்டம்.

உண்மையில், நம் விளக்குகள் எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுவது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை ஒளி தாழ்வதால், நொடிக்கு 100 தாழ்வுகள் உண்டாகின்றன. அவ்வளவு விரைந்த நடுக்கத்தை நம் கண் உணர்வதில்லை. அமெரிக்காவில் நயாகரா அருவியில் 1895-ஆம் ஆண்டு தொடங்கிய பெரிய நிலையம் 25 சுழற்சி மின்சாரத்தை ஆக்கிற்று. அதில் எரிந்த விளக்குகளின் நடுக்கம் கண்ணுக்கே புலப்படும். ஆகவே நாம் அஞ்ச வேண்டுவது இயற்கையான இந்நடுக்கத்தை அன்று. கண்ணுக்குத் தெரியும் அளவு தாறுமாறாக வரும் நடுக்கத்தையே.

அத்தகைய நடுக்கம் கண்டவிடத்து முதலில் நோக்கத்தக்கது, அது எவ்வளவு பரப்பில் நிகழ்கின்றது என்பதாகும். தெருவிலுள்ள விளக்குகள் யாவும் ஒருங்கே மங்கி மீண்டால், அண்மையில் எங்கோ பெரிய மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கியது எனக் கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் தொடங்கும் கணத்தில், இயல்பாக ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்தாறு மடங்கு ஓட்டத்தை இழுக்கும். தலைமடையில் மதகைத் திறந்த கணத்தில் கடைமடையில் நீர் தாழ்வதுபோல, விளக்குகளில் அழுத்தம் தாழ்கின்றது. இதனால் பெரும்பாலும் கேடில்லை.

ஒரே ஒரு விளக்கு மட்டும் நடுங்கினால், குறை அவ்விளக்கிலோ, அதனைத் தாங்கும் ஹோல்டரிலோ, சுவிட்சிலோ இருக்கும். சுவிட்சை அணைத்த பின்னும் எல்இடி விளக்கு மின்மினிபோல் மினுக்குவதுண்டு. சுவிட்சிலுள்ள சிறு அடையாள விளக்கின் வழியே கசியும் மின்சாரமும் அவ்வாறு செய்யும். ஆயின், மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் அமைய வேண்டிய சுவிட்ச், திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் அமைந்துவிட்டது என்பதற்கும் அஃது அறிகுறி ஆகலாம். அவ்வீட்டில் விளக்கு அணைந்திருப்பினும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். விளக்கை மாற்ற ஏணி ஏறியவரை அது தாக்கும்.

வீடு முழுவதும் நடுங்கும் நடுக்கமே பெரிதும் கருதத்தக்கது. மெயின் சுவிட்சிலோ, மீட்டரிலோ, கம்பத்திலோ ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கக்கூடும். செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் வெறுமனே முறுக்கிக் கட்டிய இணைப்பு விரைவில் கெடும். தளர்ந்த இணைப்பு ஓட்டத்தைத் தடுக்கும். அத்தடை ஓர் ஓம் அளவே என்று கொள்வோம். 1,000 வாட்டு இஸ்திரிப் பெட்டியை இயக்கினால் அவ்விணைப்பில் ஏறக்குறைய 19 வாட்டு வெப்பம் பிறக்கும். 2,000 வாட்டு வெந்நீர்க் கருவியை இயக்கினால் அது 75 வாட்டாகும். கோலார்க் கம்பிக்கு உரைத்த அதே கணக்கு! சுண்டுவிரல் நுனி அளவுள்ள இடத்தில் இவ்வெப்பம் தங்கினால், கம்பியின் உறை உருகும், பலகை கருகும், தீப் பற்றும். சுவிட்சுப் பலகை தொடுவதற்குச் சுடுதல், 'சரசர' என்னும் ஓசை, ரப்பர் கருகும் நாற்றம் ஆகியவை முன்னறிவிப்புகள். காற்று வீசும்போதெல்லாம் விளக்கு நடுங்குமாயின், கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் கம்பி ஆடி, அதன் தளர்ந்த இணைப்பு விட்டுவிட்டுப் பொருந்துகின்றது என்க. பாட்டி கூறியதிலும் பொருள் உண்டன்றோ!

நியூட்ரல் கம்பி அறுபடுவது இவையனைத்தினும் கொடிது. தெருக்கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் அவற்றிற்குப் பொதுவான ஒரு நியூட்ரல் கம்பியும் செல்கின்றன. ஒரு பேஸிற்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டு; இரு பேஸ்களுக்கு இடையே 400 வோல்ட்டு. பொதுவான நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸ்களில் உள்ள வீடுகள் ஒன்றையொன்று தொடர்ந்து கோத்தவைபோல் ஆகி, அப்பேரழுத்தத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொள்ளும். அப்பங்கீட்டில் நீதி இராது. குறைந்த மின்சாரம் செலவிடும் வீட்டிற்கே மிகுந்த அழுத்தம் சேரும். ஒரு வீட்டில் விளக்குகள் மங்க, அடுத்த வீட்டில் கண் கூசும்படி ஒளிர்ந்தால், அந்தக் கணமே மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். காரணம் ஆராய்வதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வீட்டின் நியூட்ரல் மட்டும் அறுந்தாலோ, அவ்வீடு இருளும். மின்சாரம் இல்லை என்று எண்ணிக் கம்பியைத் தொட்டவர் உயிர் இழப்பர்; பேஸ் கம்பியில் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும். சிலர் அப்பொழுது எர்த்துக் கம்பியை நியூட்ரலாக்கி விளக்கெரித்துத் தம் திறமையை வியந்துகொள்வர். அது திறமையன்று. எர்த்துத் தொடர்பு சற்றே குறைந்தாலும், கிரைண்டர், குளிர்பெட்டி முதலியவற்றின் இரும்புடல் எல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும். எர்த்து, உடலில் கசிந்த மின்சாரத்தை நிலத்திற்குக் கொண்டுசெல்லும் வழி. மூன்று முளைப் பிளக்கில் அதற்குரிய முளை நீண்டும் பருத்தும் இருப்பது, செருகும்போது முதலில் பொருந்துவதற்கும் கழற்றும்போது இறுதியில் விலகுவதற்குமே. பியூஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியை முறுக்குவதும் அத்தகைய பேதைமையே. மிகுந்த ஓட்டத்தில் தான் உருகி வீட்டைக் காப்பதே பியூஸ் கம்பியின் தொழில்.

பியூஸ் வீட்டைக் காக்கும், ஆளைக் காவாது. ஆர்சிசிபி என்னும் கருவி, சென்ற ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்கி, வீடுகளுக்குரிய வகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவு கண்ட அளவில் மின்சாரத்தைத் துண்டிக்கும். 60 வாட்டு விளக்கு கொள்ளும் ஓட்டத்தில் இஃது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. உயிரைப் போக்குவதற்கு ஒரு சிறு விளக்கின் மின்சாரமும் வேண்டா என்பது இதனால் பெறப்படும்.

துணி உலர்த்தும் கொடி நம் ஊர்களில் பலரைப் பலிகொண்டுள்ளது. கம்பத்திலிருந்து வரும் மின்கம்பியைத் தாங்க ஓர் இரும்புக் கம்பி கட்டப்பட்டிருக்கும். காற்றில் உராய்ந்து உறை தேய்ந்தால், அவ்விரும்புக் கம்பியிலும், அதனோடு கட்டிய கொடியிலும், தகரக் கூரையிலும் மின்சாரம் ஏறும். ஈரத்துணியும் ஈரக்கையும் அதற்கு எளிய வழிகள். கயிற்றுக் கொடியாயின் இவ்விடர் இல்லை. தாக்குண்டவரைக் கையால் பற்றி இழுத்த மகனும் தாயும் உடன் வீழ்ந்த துயரங்கள் உண்டு. முதலில் மெயினை அணைத்தல் வேண்டும்; அஃது இயலாதாயின் உலர்ந்த மரக்கட்டையால் வீட்டுக் கம்பியை விலக்கி, 108-ஐ அழைத்து, மூச்சற்றவர்க்கு மார்பை அழுத்தி உதவுதல் வேண்டும். தெருவில் அறுந்து விழுந்த கம்பியையோ எக்கோல் கொண்டும் அணுகுதல் ஆகாது.

தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் 'மின்னகம்' 2021-ஆம் ஆண்டு முதல் 94987 94987 என்னும் எண்ணில் முறையீடுகளை ஏற்கின்றது. நடுங்கியது ஒரு விளக்கா, வீடா, தெருவா; எந்நேரத்தில்; எக்கருவி ஓடும்போது என்பவற்றைச் சிறுமி தன் ஏட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தால், வரும் பணியாளர்க்குப் பாதி வேலை முடிந்துவிடும். அன்றைக்குக் காற்று வீசிற்று என்பதையும் சேர்த்தே எழுதலாம்.