உப்புப் போடுமுன் எடுத்துவைத்த சட்னி

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர் முதலில் பார்க்க வேண்டியது இலையை அல்ல, ரத்தப் பரிசோதனைத் தாளை. பொட்டாசியம் ஏறியிருக்கிறதா, பாஸ்பரஸ் எவ்வளவு, டயாலிசிஸ் நடக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் தேங்காயும் வாழையும் கடலையும் கூடும், குறையும். உப்புக் கட்டுப்பாடு மட்டும் அநேகமாக எல்லோருக்கும் பொது. சிறுநீரக மருத்துவத்துக்கான உலக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. எதைச் சாப்பிடுவது என்பதைவிட, இந்த உப்பை எதில் செலவழிப்பது என்பதே கேள்வி.

இட்லி மாவில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் சட்னி அரைத்ததும், உப்புப் போடுமுன் நோயாளியின் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, சில சொட்டு எலுமிச்சை பிழிந்தால் போதும். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று வீட்டில் யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் வாயில் இட்லியோடு சேர்ந்துதானே சட்னி போகிறது? தேங்காயில் பொட்டாசியம் ஆயிற்றே என்பது அடுத்த அச்சம். 100 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 350 மில்லிகிராம். தொட்டுக்கொள்ளும் இரண்டு கரண்டிச் சட்னியில் அதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். ஒரு டம்ளர் இளநீரிலோ 500ஐத் தாண்டலாம். தக்காளித் தொக்கு வேறு கதை: சுண்டச் சுண்ட உப்பும் பொட்டாசியமும் சேர்ந்தே செறிகின்றன.

நொறுக்குத் தீனிக்கு வருவோம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கின் ருசிக்கு அவ்வூர்த் தண்ணீரின் உப்புத்தன்மையே காரணம் என்பார்கள். நாம் கணக்குப் பார்க்க வேண்டியது மாவில் பிசையும் உப்பை. ஆசைக்கு ஒரு முறுக்கு. அன்றைக்கு அப்பளமும் ஊறுகாயும் இல்லை. அடுத்தது வாழைக்காய்ச் சிப்ஸ். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கத்தில் வாழையை ஒதுக்கச் சொல்வது லேசல்ல. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில்தான் இருக்கிறது! பொட்டாசியம் ஏறியவர்கள் சிப்ஸை விட்டுவிட்டு, வாழைக்காயை மெல்லியதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகப் பொரியல் செய்யலாம். பொட்டாசியம் முழுதும் போகாது, கணிசமாகக் குறையும். ‘வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு நல்லது’ என்ற பேச்சு சிறுநீரகக் கல்லை வைத்து வந்தது. கல் வேறு, செயலிழப்பு வேறு. பொட்டாசியம் ஏறியவருக்கு அந்தச் சாறு இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

இந்துப்புக்கு மாறினால் தப்பிக்கலாமா? அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ‘லோ சோடியம்’ உப்பு இன்னும் மோசம்: குறைத்த சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கடையில் வாங்கும் பாக்கெட்டைத் திருப்பி, 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று பார்த்து இரண்டரையால் பெருக்குங்கள். 800 என்றிருந்தால் உப்பு 2 கிராம். டிவி பார்த்தபடியே 50 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால், அன்றைய உப்பில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே முடிந்தது.