கரியில் தழைச்சத்து ஏற்றுவது எப்படி?

சீமைக் கருவேல விறகை உயிர்க்கரியாக்கி நிலத்தில் இடப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கரி உரமல்ல என்பது. சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டத் தாண்ட, விறகிலிருக்கும் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் புகையோடு போய்விடும். மிஞ்சுவது கரியின் கார்பன் வளையங்களுக்குள் சிக்கிக்கொள்ளும். வேருக்கு எளிதில் எட்டாது. அதனால் தழைச்சத்தைக் கரி ஆறிய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

எரிக்க விறகு, பருத்திமார், தென்னை மட்டை, கடலைத்தோல் எல்லாம் ஆகும். கோழி எருவை மட்டும் தயவுசெய்து நெருப்பில் போடாதீர்கள். அவ்வளவு தழைச்சத்துள்ள பொருளை மட்க வைப்பதே முறை.

மேலே 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் கீழே குறுகும் குழி வெட்டுங்கள். நன்கு காய்ந்த, மணிக்கட்டைவிடத் தடிக்காத குச்சிகளை அடியில் கொளுத்துங்கள். அவற்றின்மேல் சாம்பல் வெளுத்துத் தெரிந்ததும் அடுத்த அடுக்கு, அதற்குமுன் வேண்டாம். மேலே எரியும் சுவாலைதான் கீழிருந்து வரும் வாயுக்களை எரித்து, உள்ளே இருக்கும் கரிக்குக் காற்றுப் போகாமல் தடுக்கிறது. வெள்ளைப் புகை கிளம்பினால் விறகு ஈரம், அல்லது நீங்கள் அவசரப்பட்டு அடுக்கிவிட்டீர்கள். காற்று வீசும் பக்கம் நின்றே வேலை செய்யுங்கள். குழி நிறைந்ததும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கிளறி அணையுங்கள். உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் விடிவதற்குள் எல்லாம் சாம்பலாகிவிடும்.

பட்டாணி அளவுக்கு உடைத்த கரியில் ஒரு கூடைக்குப் பத்துக் கூடை சாணமும் இலைதழையும் சேர்த்துக் குவியுங்கள். ஈரம் காயவிடாமல், வாரம் ஒருமுறை புரட்டி, இரண்டு மாதம் வையுங்கள். அம்மோனியம் கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்வது இந்த நாட்களில்தான். கோமியம் தெளிப்பவர்கள் கரியை முன்னதாகத் தண்ணீரில் அலசிவிடுவது நல்லது. சாம்பலின் காரத்தன்மையால் கோமியத்தின் தழைச்சத்து காற்றில் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் இழப்பு நடக்கிறது என்று அர்த்தம். உடனே காய்ந்த சருகைக் கலந்து மூடுங்கள்.

ஏற்றாத கரியை நேரே இட்டால் அது மண்ணிலுள்ள தழைச்சத்தையும் கொஞ்ச காலம் பிடித்து வைத்துக்கொள்ளும், இளம்பயிர் மஞ்சளடிக்கலாம். எனவே வயலுக்குக் கொண்டுபோகுமுன் இரண்டு தொட்டிகளில் கீரை விதைத்துப் பாருங்கள்: ஒன்றில் வெறும் மண், மற்றதில் மண்ணோடு இந்தக் கலவை. கலவைத் தொட்டியில் நாற்று வெளிறினால் குவியல் இன்னும் சில வாரம் கிடக்கட்டும்.

மண் பரிசோதனையில் கார அமில நிலை 8-க்குமேல் வந்தால் சாம்பல் மிகுந்த கரியைத் தவிருங்கள். அமிலச் செம்மண்ணுக்கே அது நன்கு பொருந்தும். கலவையை ஈரமாகவே வேர் மட்டத்தில் இட்டு, மண்ணால் மூடிவிடுங்கள்.