ஈகையும் பொறுப்பும்
(வணிக நிறுவனங்களின் சமூகக் கடமை வளர்ந்த வரலாறு)

பொருளீட்டும் நிறுவனம் சமூகத்துக்கு யாது கடமைப்பட்டுள்ளது என்னும் வினா, ஆலைத்தொழில் பெருகிய நாள்தொட்டு எழுந்து வருவதாகும். இதற்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளை ஆராயுமிடத்து, ஈகை வேறு, பொறுப்பு வேறு என்பது புலனாகும். அவ்வேறுபாட்டை ஈண்டு நோக்குவாம்.

ஸ்கொத்லாந்தில் நியூ லனார்க் பஞ்சாலையின் நிருவாகத்தை 1800ஆம் ஆண்டில் ஏற்ற ரொபேட் ஓவன், பத்து வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கமர்த்தாது விட்டார். 1816இல் அவர்களுக்குக் கல்விக்கூடமும் திறந்தார். செலவு மிகுதியெனப் பங்காளிகள் முறையிட்டமையால், நூற்றுக்கு 5 வீத இலாபத்தோடு அமையும் புதிய பங்காளிகளை 1813இல் சேர்த்துக்கொண்டார். எனினும் ஏனைய ஆலையதிபர் அவர் வழியைத் தாமாகப் பின்பற்றினாரல்லர். ஒன்பது வயதுக்குட்பட்டோரை நெசவாலைகளில் அமர்த்தலாகாதென விலக்கியதும், அதனைக் கண்காணிக்கப் பரிசோதகரை நியமித்ததும் 1833ஆம் ஆண்டுச் சட்டமே.

அடுத்து, கட்பரி சகோதரரின் வரலாறு நம் சிந்தனைக்குரியது. சொக்கிலேற் செய்யும் இவர்கள் 1879இல் தம் தொழிற்சாலையைப் பேர்மிங்காம் நகரின் நெருக்கத்தினின்றும் போண்வில்லுக்கு மாற்றினர். ஜோர்ஜ் கட்பரி 1895 முதல் அங்கே தோட்டஞ் சூழ்ந்த வீடுகளையமைத்து, 1900இல் அக்கிராமத்தை ஒரு தருமநிதியத்திடம் ஒப்புவித்தார். ஆயின், அவர்கள் வாங்கிய கொக்கோவிற் பெரும்பங்கு போர்த்துக்கேயரின் சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கு உழைத்தோர் அங்கோலாவினின்றும் ஒப்பந்தமென்னும் பெயரிற் கொணரப்பட்ட அடிமைகளே. இச்செய்தி 1901இல் நிறுவனத்தார் செவிக்கெட்டியது; அவர்கள் விசாரணையும் செய்வித்தனர். ஆயினும் கொள்வனவை நிறுத்தியது 1909இலேயாம். இம்முரண்பாட்டைச் சுட்டிய 'ஸ்ராண்டட்' என்னும் நாளிதழ்மீது அவர்கள் தொடுத்த அவதூறு வழக்கிற் சார்பாகவே தீர்ப்புக் கிடைத்தது. நட்டஈடோ ஒரு பார்திங், அஃதாவது ஒரு பென்னியின் காற்பங்கு. இல்லத்தருகே வாழ்வோர்க்குச் செய்த நன்மை மெய்யானதே. எனினும், கடல்கடந்து உழைத்தோர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு அது ஈடாகாது.

பின்னர் இவ்வினா கல்வித்துறையினுட் புகுந்தது. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹவாட் போவன் 1953இல் வணிகரின் சமூகப் பொறுப்புக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சட்டவரம்புக்குள் நின்று இலாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் பொறுப்பென மில்ரன் பிரீட்மன் 1970இல் மறுத்துரைத்தார். 2013ஆம் ஆண்டு இந்தியக் கொம்பனிச் சட்டமோ, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப்பணிக்குச் செலவிடுதல் வேண்டுமென விதித்தது.

அதே ஆண்டு ஏப்பிரில் 24ஆம் நாள், வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அண்மையில் ரானா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல்நாளே சுவர்களில் வெடிப்புக்கள் காணப்பட்டிருந்தும், ஆடைத் தொழிலாளர் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவ்வாடைகள் மேலைநாட்டுக் கடைகளுக்குரியன. அதன்பின்னரே பல ஆடை நிறுவனங்கள் தொழிற்கூடங்களின் பாதுகாப்புக்குச் சட்டப்படி கட்டுப்படும் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன.

ஆகவே, ஈட்டிய பொருளிற் கொடுப்பது ஈகை. அப்பொருளை எவ்வாறு ஈட்டினோமென்பதற்கு விடை கூறுவது பொறுப்பு. முன்னையது பின்னையதற்குப் பதிலாகாது. நம் கல்லூரியிலிருந்து வணிகத்துறையிற் புகும் மாணவர், ஒரு நிறுவனத்தின் நன்கொடைப் பட்டியலை நோக்குமுன் அதன் கொள்வனவுக் கணக்கை நோக்குவாராக. கணக்கேட்டிற் பெயர் காணப்படாத தொழிலாளி எங்கோ ஒரு தீவிலோ தொழிற்கூடத்திலோ இருத்தல் கூடும். அவரையும் எண்ணிப் பார்ப்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பதாகும்.