திருத்திக் கொடுத்த படகு எஞ்சின் வெடிக்கிறதா? கடைசியாகக் கை வைத்த இடத்தில் தொடங்குங்கள்

ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள ஊன்ட்றொப் என்றதும் நம்மவருக்கு நினைவு வருவது ஹம் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 2002 இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலின் திருவிழாவில் அடியார்கள் தீர்த்தமாடுவது டற்றெல்ன்-ஹம் கால்வாயில். அதே கால்வாயில் சரக்குக் கப்பல்களோடு உல்லாசப் படகுகளும் ஓடுகின்றன. மேற்கே பேர்க்காமன் நகரின் ர்யூன்தெ படகுத்துறையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். குளிர்காலம் முழுக்கக் கரையில் நின்ற இந்தப் படகுகள் வசந்தத்தில் தண்ணீரில் இறங்கும்போது பட்டறைகளில் வேலை குவியும். வாகனத் தொழிற்பயிற்சி முடித்த, அல்லது இப்போது அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த வேலையையும் எட்டிப் பார்க்கலாம். மூன்றரை ஆண்டுப் படகுகட்டுநர் பயிற்சியில் தொழில்நுட்பம் என்று தனிப் பிரிவே உண்டு.

இந்தத் தொழிலில் ஒருவரை உண்மையாகவே சோதிப்பது திருத்தி அனுப்பிய படகு திரும்பி வரும் நாள்தான். “எடுத்த அண்டைக்கே படார் படார் எண்டு வெடிக்குது தம்பி” என்று சொந்தக்காரர் வந்து நிற்பார். உடனே கார்புரேற்றரைக் கழற்றப் போகாதீர்கள். “அண்ணை, கடைசியா என்னென்ன வேலை செய்தவை? அதுக்கு முந்தி வெடிச்சதோ?” என்று கேளுங்கள். பிறகு வேலைச்சீட்டை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். முன்பு வெடிக்காத எஞ்சின் திருத்திய பிறகு வெடிக்கிறதென்றால், கழற்றிப் பூட்டிய பாகங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புதிய பிளக், புதிய வயர் என்பதற்காக எதையும் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். புதிதாகப் போட்டதே பிழையாக இருக்கலாம்.

அடுத்து, சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். கார்புரேற்றர் வழியாக மேலே துப்பினால் கலவையில் பெற்றோல் குறைவு, தீப்பொறி விழும் நேரம் பிழை, அல்லது உள்வாங்கும் வால்வு சரியாக மூடவில்லை. புகைபோக்கியில் வெடித்தால் எரியாத பெற்றோல் அங்கே போய்த் தீப்பற்றுகிறது. அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது, பெற்றோல் மிஞ்சுகிறது, அல்லது வெளியேற்றும் வால்வு ஒழுகுகிறது. மயிலிட்டியிலும் வல்வெட்டித்துறையிலும் படகோட்டிய பெரியவர்கள் பலர் இந்த வித்தியாசத்தைக் காதாலேயே பிரித்துச் சொல்வார்கள். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தக் காது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

பிளக் வயரில்தான் அதிகம் பிழை நடக்கிறது. நான்கு சிலிண்டர் மெர்க்குரூசர் 3.0 எஞ்சினின் வெடிவரிசை 1-3-4-2. ஜெனரல் மோட்டர்ஸ் அடித்தளம் கொண்ட பழைய வி8 எஞ்சின்களில் 1-8-4-3-6-5-7-2. இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றுவதாக இருந்தால் அதன் வரிசை வேறு. ஆகவே மனப்பாடத்தை நம்பாமல் அந்த எஞ்சினின் கையேட்டைத் திறந்து, முதல் சிலிண்டரிலிருந்து வயரை விரலால் பிடித்துக்கொண்டே போங்கள். அந்த வி8 எஞ்சினில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 5, 7 ஆகிய இரண்டு சிலிண்டர்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிற்பவை, வெடிப்பதும் அடுத்தடுத்துத்தான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்த இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டிவிட்டால், ஒன்றின் மின்னோட்டம் மற்றதில் தூண்டப்பட்டு 7 முன்கூட்டியே பற்றிக்கொள்ளும். வரிசை சரியாக இருந்தும் எஞ்சின் வெடிக்கும். கட்டை அறுத்து வயர்களைப் பிரித்து ஓட்டிப் பாருங்கள்.

டிஸ்ரிபியூற்றரைக் கழற்றிப் பூட்டியிருந்தால் அது ஒரு பல் தள்ளியோ, முழுசாக 180 பாகை திரும்பியோ உட்கார்ந்திருக்கலாம். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, தீப்பொறிச் சுற்றைத் துண்டித்துவிட்டு, துவாரத்தை விரலால் மூடி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில் பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது ரோட்டர் முதலாம் வயரை நோக்கி நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் பார்த்து நின்றால் விடை கிடைத்துவிட்டது. நேரத்தை நுண்மையாகச் சரிபார்க்க ரைமிங் லைற் இருக்கிறது.

வெளியிணைப்பு எஞ்சின்களில் இதே கோளாறு வேறு இடத்திலிருந்து வரும். தீப்பொறிப் பாகத்தை மாற்றப் பிளைவீலைக் கழற்றியவர் திரும்பப் பூட்டும்போது நட்டை உரிய அளவு இறுக்காவிட்டால், பிளைவீலை நிலைநிறுத்தும் சின்னச் சாவி அறுந்து பிளைவீல் சற்றே திரும்பிவிடும். தீப்பொறி பளிச்சென்று விழும், ஆனால் நேரம் பிழைத்திருக்கும். அந்தச் சாவியை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் படிபோல் வெட்டுப்பட்டிருந்தால், அதுதான் காரணம்.

காரில் பழகியவர்கள் அறிந்திராத இடம், மெர்க்குரூசர் அல்பா வகைக் கால் (படகின் பின்னால் நீருக்குள் இறங்கும் இயக்கப் பகுதி) பூட்டிய எஞ்சின்களில் உள்ள கியர் சுவிட்ச். கியரிலிருந்து வெளியே எடுக்கும்போது பற்சக்கரங்கள் இலகுவாகப் பிரிய, அது கண நேரம் தீப்பொறியை நிறுத்தும். கால் பகுதியைத் திருத்தி, கியர் கேபிளைச் சரியாக அமைக்காமல் விட்டால், அல்லது கேபிள் இறுகினால், சுவிட்ச் தேவையற்ற நேரத்திலும் தீப்பொறியை வெட்டும். எரியாத பெற்றோல் புகைபோக்கியில் போய் வெடிக்கும். கியர்த் தட்டில் உள்ள வி வடிவப் பள்ளத்தின் நடுவில் சுவிட்சின் உருளை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் கேபிளைச் சரிசெய்யுங்கள். கியர் மாற்றும்போது மட்டும் வெடிக்கிறது என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் குனிவது இங்கேதான்.

பெற்றோல் பக்கத்தில், சுத்தம் செய்த கார்புரேற்றரில் அடைபட்ட ஜெற், சரியாக உட்காராத மனிஃபோல்ட் காஸ்கெற், பழைய எரிபொருள் மூன்றையும் பாருங்கள். எதனோல் கலந்த ஈ10 ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கத் தாங்கியில் நின்றதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். தனிக் கொள்கலனில் புதிய பெற்றோல் கொடுத்து ஓட்டுங்கள். காற்று ஒழுகலைக் கண்டுபிடிக்கத் தீப்பற்றும் ஸ்பிறே அடிக்கும் வழக்கம் கார்ப் பட்டறைகளில் உண்டு. வெடித்துக்கொண்டிருக்கும் படகு எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது, வெற்றிடமானி போதும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். உள்ளிணைப்பு எஞ்சினை முடுக்குமுன் காற்றூதியைச் சில நிமிடம் ஓடவிட்டு, மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். கார்புரேற்றர் மேலுள்ள தீத்தடுப்பானைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். மேலே துப்பும் தீச்சுவாலையைத் தடுப்பது அதுதான். விலை குறைவு என்று கார் டிஸ்ரிபியூற்றரையோ ஸ்ராற்றரையோ படகில் போடாதீர்கள். படகுக்குச் செய்தவை உள்ளே எழும் பொறி வெளியே ஆவியைப் பற்றவைக்காதபடி அமைக்கப்பட்டவை. கரையில் ஓட்டும்போது குளிரூட்டும் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டாதீர்கள்.

படகுக்காரருக்கும் ஒரு சொல். ஜேர்மன் குடியியல் சட்டப்படி இப்படியான திருத்தவேலையில் உள்ள குறைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு உரிமை உண்டு. ஆனால் அதே பட்டறைக்குச் சரிசெய்ய முதலில் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். எழுத்தில் காலக்கெடு வைக்காமல் வேறு இடத்துக்கு எடுத்துப் போனால் செலவைத் திரும்பக் கேட்பது கடினம். பேச்சு முறிந்தால் ஹம் பகுதிக்குரிய டோர்ட்முண்ட் கைவினைஞர் சபையை அணுகலாம்.

பயிலுநராக இருந்தால், மைஸ்டரிடம் போய் “அவர் பிழையாகப் பூட்டிவிட்டார்” என்று முன்னவரைக் குற்றஞ்சாட்டாதீர்கள். “5, 7 வயர்கள் ஒன்றாகக் கட்டியிருந்தன, பிரித்ததும் வெடி நின்றது” என்று கண்டதைச் சொல்லுங்கள், படமெடுத்துக் காட்டுங்கள். அதை உங்கள் பயிற்சிப் பதிவேட்டிலும் எழுதுங்கள். வாரா வாரம் கடமைக்கு நிரப்பும் ஏடு அது என்று பலர் நினைக்கிறார்கள். தேர்வுக்கு முன் புரட்டிப் பார்க்கையில், இப்படிக் காரணத்தோடு எழுதிய பக்கங்கள்தான் கைகொடுக்கும்.

ஒப்படைக்குமுன் படகைத் தண்ணீரில் இறக்கிச் சுமையோடு ஓட்டுங்கள். கரையில் குழாய்த் தண்ணீரில் அமைதியாக ஓடும் எஞ்சின் கால்வாயில் வேகம் எடுக்கும்போது திரும்ப வெடிக்கலாம். ஒவ்வொரு சிலிண்டரின் கம்பிரஷன், பிளக்கின் நிறம், ரைமிங் பாகை எல்லாவற்றையும் வேலைச்சீட்டில் எழுதி, ஒரு பிரதியைப் படகுக்காரர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.