ஜீப்புக்கு இரும்பு பம்பர் தேவையா?

மஹிந்திரா தார் மாதிரி வண்டி வாங்கியவுடன் நம் பிள்ளைகள் தேடுவது முன்பக்கத்துக்கு ஓர் இரும்பு பம்பர். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் என்பது ஒரு காரணம். "இடித்தால் நமக்கு ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை இன்னொன்று. அந்த நம்பிக்கையைத்தான் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

கம்பெனி பம்பரின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் தெரியும். அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே, மோதினால் மடிந்து நசுங்குவதற்கென்றே செய்த தகட்டுப் பெட்டிகள் பல வண்டிகளில் உண்டு. நசுங்குவது பலவீனம் அல்ல, அதுதான் அவற்றின் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 60 செ.மீ. நசுங்கி நின்றால், பெல்ட் போட்டவர் உடம்பு தாங்குவது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு. 20 செ.மீ.யிலேயே நின்றுவிட்டால் சுமார் 49 மடங்கு! ஒரு பம்பரே இவ்வளவு மாற்றத்தைச் செய்துவிடாது. ஆனால் நசுங்கும் பாகத்தை எடுத்துவிட்டு, கனத்த இரும்பை நேரே சேஸிஸில் போல்ட் போட்டு முடுக்கினால் கணக்கு அந்தப் பக்கம்தான் சாயும். ஏர்பேக்கும் குழம்பும். மோதல் எத்தகையது என்பதை அது ஒரு நொடியின் சில நூறில் ஒரு பங்கு நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். முன்பக்கத்தின் விறைப்பு மாறினால் தாமதமாகவோ தேவையில்லாமலோ அது விரியக்கூடும்.

இதெல்லாம் வண்டிக்குள் இருப்பவர் பாடு. வெளியே இருப்பவர்? டாக்குரியா ஸ்டேஷனில் சாயங்காலம் ரயில் வந்து நின்றதும் ஜனம் சாலையில் இறங்குவதை நாம் தினம் பார்க்கிறோம். உயரமான வண்டியின் இரும்புக் குழாய் பெரியவருக்கு இடுப்பளவு. பள்ளிக் குழந்தைக்கு நெஞ்சு அல்லது தலை. பிளாஸ்டிக் மூடி கொஞ்சமாவது அமுங்கிக் கொடுக்கும், இரும்பு கொடுக்காது. ஆஸ்திரேலியாவில் கங்காருவுக்குப் பயந்து மாட்டிய சாமான் இது. கரியாஹாட் ரோட்டில் கங்காரு ஏது?

சட்டமும் இடம் தரவில்லை. இத்தகைய முன்பக்கக் காவல் கம்பிகள் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவுக்கு முரணானவை, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. காப்பீட்டுப் பணம் கேட்கும்போதும் தகராறுக்கு இடமுண்டு.

சந்தக்ஃபூ மலைக்குப் போக வேண்டாமா என்பார்கள். 3,636 மீட்டர் உயரமுள்ள அந்த இடத்துக்குப் பழைய லேண்ட் ரோவர்கள் சாதாரணத் தகட்டு பம்பரோடுதான் பல்லாண்டுகள் ஏறின. ஏற்றியது தாழ்ந்த கியரும் டிரைவரின் கையும்.

அப்படியும் பம்பரை மாற்றத்தான் வேண்டுமென்றால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு மிஸ்திரியிடம்: நசுங்கும் பெட்டிகள் அப்படியே இருக்குமா? சென்ஸாரைத் தொடுவீர்களா? ரேடியேட்டருக்குக் காற்று போகுமா? எடை எத்தனை கிலோ? எடை கூடினால் முன் ஸ்பிரிங் தணியும், ஹெட்லைட்டின் குறியும் மாறும்.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், கழற்றிய கம்பெனி பம்பரையும் அதன் போல்ட்டுகளையும் கடையிலிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். திரும்ப மாட்டும்போது தேவைப்படும்.